கேளாதவனுடைய தண்டனை

வியாசர்பாடியைப் பற்றிச் சினிமாக்காரர்களும் போலீஸ்காரர்களும் உண்டாக்கி வைத்திருக்கும் பிரசித்தியை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், அது துறைமுகத்துக்கும் மணலி ஆலைகளுக்கும் ரயில்வே பணிமனைகளுக்கும் தலைமுறை தலைமுறையாக உழைப்பாளிகளை அனுப்பிவந்த பேட்டை. பர்மாவிலிருந்து வெறுங்கையோடு திரும்பிய தமிழர்களுக்கு இடம் கொடுத்த பேட்டை. தன் ரயில் நிலையத்துக்கு ஜீவாவின் பெயரையும் தன் கலைக் கல்லூரிக்கு அம்பேத்கரின் பெயரையும் சூட்டிக்கொண்டு, மாலை வேளையில் மைதானத்தில் பந்து உதைக்கும் பிள்ளைகளின் கூச்சலோடு பொழுதைக் கழிக்கும் பேட்டை. ஆயினும், சென்ட்ரலுக்கு அருகே இருந்த பழைய மத்தியச் சிறை 2006இல் புழலுக்குப் பெயர்ந்த பின், மூலக்கடையும் மாதவரம் ரவுண்டானாவும் கடந்து அங்கே 'மனு பார்க்க'ப் போகும் பெண்கள் இந்தத் தெருக்களில் இருக்கிறார்கள் என்பதும், வாய்தா, ஜாமீன், குண்டாஸ், ரெமிஷன் முதலிய சொற்கள் அரிசி பருப்பின் விலையைப்போல இவர்கள் வாயில் சரளமாகப் புழங்குகின்றன என்பதும் மறுக்க இயலாத உண்மை. அப்படிப் போய்வரும் தாய்மார்களிடமிருந்து, சொற்கள் சற்றே மாறினாலும் பொருள் மாறாமல், ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது: "ஒரே கேஸ்ல ரெண்டு பேரும் போனாங்க சார். அந்தப் பையனுக்கு ஹைகோர்ட்டுல கொறச்சிட்டாங்க. எம் புள்ளைக்கு மட்டும் இன்னாத்துக்குக் கொறைக்கல?"

வக்கீல்கள் இதற்கு ஒரு வாக்கியத்தில் பதில் சொல்லிவிடுவார்கள்: அவன் அப்பீல் செய்தான், இவன் செய்யவில்லை. சட்டத்தின்படி அது பூரணமான பதில். நம்முடைய நியாயஸ்தலங்கள் தம் முன்னே வந்து நிற்பவனுடைய வழக்கைத்தான் தீர்க்கின்றன. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 362ஆம் பிரிவு, தீர்ப்பில் கையொப்பமிட்ட நீதிபதி எழுத்துப்பிழையும் கணக்குப்பிழையும் நீங்கலாக அதை மறுபடி தொடக் கூடாது என்று தடுத்திருந்தது. புதிய சட்டத்திலும் அந்தத் தடை அப்படியே தொடர்கிறது. மேல்கோர்ட்டு ஒரு தண்டனையைக் குறைக்கும்போதும், குறைகிறது என்னவோ மனுதாரனுடைய தண்டனைதான். அந்தத் தண்டனையைப் பிறப்பித்த பிழை எங்கெங்கே இன்னும் உயிரோடிருக்கிறது என்று தேடிப் போவது யாருடைய கடமையாகவும் எழுதப்படவில்லை. ரேஷன் கடைத் தராசு குறைத்து நிறுக்கிறது என்று ஒருவன் புகார் செய்ய, அதிகாரி வந்து தராசைச் சோதித்துப் புகார் சொன்னவனுக்கு மட்டும் விடுபட்ட அரிசியை அளந்து கொடுத்துவிட்டுப் போனால், வரிசையில் நிற்கும் மற்றவர்கள் என்ன நினைப்பார்கள்? அந்தத் தாயின் கேள்வி அதுதான். சட்டத்தின் பதில் சரியாக இருந்தாலும் அது நியாயத்தின் பதில் ஆகாது என்பது என் கட்சி.

கல்வியில்லாத ஒருத்தியின் புலம்பல் என்று இதை ஒதுக்குவோர், இதே கேள்வி உச்ச நீதிமன்றத்தின் முன்னாலேயே, அதுவும் ஓர் உயிர் போன பின்னர், எழுந்து நின்ற வரலாற்றை அறிய வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்தையே கொன்ற குற்றத்துக்காக ஜீதா சிங், கஷ்மீரா சிங், ஹர்பன்ஸ் சிங் என்ற மூவருக்கும் 1975இல் மரண தண்டனை விதிக்கப்பட்டது. குற்றம் ஒன்று, சாட்சியம் ஒன்று, மூவருடைய பங்கும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் மூவரும் தனித்தனியே, வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நீதிபதிகள் முன் மனுச் செய்துகொண்டார்கள். ஜீதா சிங்கின் மனு 1976இல் தள்ளுபடியாயிற்று. கஷ்மீரா சிங்கின் மனுவை 1977இல் ஏற்றுக்கொண்ட வேறோர் அமர்வு, அவனுடைய தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. அதற்குப் பிறகு, 1978இல் வந்த ஹர்பன்ஸ் சிங்கின் மனு மீண்டும் தள்ளுபடி. மறுசீராய்வும் 1980இல் தள்ளுபடி. கஷ்மீரா சிங்குக்குத் தண்டனை குறைந்த செய்தியை மற்ற இருவர் விஷயத்தில் யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நீதிமன்றத்தின் அலுவலகக் குறிப்பிலும் அது முறையாக இடம்பெறவில்லை. கருணை மனுக்களும் மறுக்கப்பட்டன.

1981 அக்டோபர் 6ஆம் நாள் இருவரையும் தூக்கிலிடுவதென்று குறித்தார்கள். ஹர்பன்ஸ் சிங் கடைசி நேரத்தில் ஒரு ரிட் மனுவைப் போட்டான். அதன்மேல் தடையுத்தரவு கிடைத்தது. ஜீதா சிங் போடவில்லை. குறித்த நாளில் தூக்கிலிடப்பட்டான். நான்கு மாதங்கள் கழித்து, 1982 பிப்ரவரியில், தலைமை நீதிபதி சந்திரசூட் அடங்கிய அமர்வு ஹர்பன்ஸ் சிங்கின் தண்டனையைக் குறைக்குமாறு குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரை செய்தது. ஒரே குற்றத்துக்காக ஒருவன் பிழைத்திருக்க மற்றொருவன் தூக்கில் தொங்குவது பட்சபாதமே ஆகும் என்பதை அது உணர்ந்தது. ஜீதா சிங்குக்கு அந்தத் தீர்ப்பால் பிரயோஜனம் எதுவும் இல்லை. ஆனால் அதில் அடங்கிய ஒரு நிபந்தனையை நம்முடைய சட்டப் புத்தகங்களில் அடிக்கோடிட்டு வைக்க வேண்டும்: இனிமேல் எவரையேனும் தூக்கிலிடுமுன், அவரோடு தண்டிக்கப்பட்ட வேறு யாருக்காவது தண்டனை குறைக்கப்பட்டிருக்கிறதா என்று சிறைக் கண்காணிப்பாளர் தாமே நேரில் விசாரித்து அறிய வேண்டும். அதாவது, கேளாதவனுக்காகக் கேட்கும் கடமையை ஓர் அதிகாரியின் தலையில் நீதிமன்றம் சுமத்திற்று. ஓர் உயிரைக் காவு கொடுத்து வாங்கிய விதி. அதையும் தூக்குமேடையோடு நிறுத்திக்கொண்டார்கள். பத்து வருஷக் கடுங்காவலுக்கும் ஆயுள் தண்டனைக்கும் அப்படி விசாரிப்பார் இல்லை.

தவறான தண்டனை என்றதும் நமக்குச் சிலப்பதிகாரம் ஞாபகத்துக்கு வரும். பாண்டியன் நெடுஞ்செழியன் தன் பிழையை உணர்ந்த கணத்தில் உயிர் விட்டதைத் தமிழ் மேடைகள் இன்றும் கொண்டாடுகின்றன. எனக்கு அதைவிட மனத்தை உறுத்துவது, அந்தக் காவியத்தின் முகப்பிலே வருகிற மற்றொரு செய்தி: அவனுக்குப் பின் கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற் செழியன், நாட்டைப் பீடித்த பஞ்சமும் நோயும் தீர வேண்டி, ஒரே பகலில் ஆயிரம் பொற்கொல்லரைக் கண்ணகிக்குப் பலியிட்டான் என்பது. பொய் சொன்னவன் ஒரு பொற்கொல்லன்; பிராயச்சித்தத்துக்கு ஆயிரம் பேர். பிழையைத் திருத்துகிறவன் பிழையின் எல்லை எதுவென்று கணக்கெடுக்காமல் போனால், திருத்தமே புதிய அநியாயமாகிவிடும் என்பதற்கு இதைவிடத் துலக்கமான உதாரணம் நம் இலக்கியத்தில் இல்லை. நம்முடைய காலத்து நியாயஸ்தலங்கள் வெற்றிவேற் செழியனைப் போல் எல்லை கடப்பதில்லை. எல்லைக்கு வெகு இப்பாலேயே நின்றுவிடுகின்றன.

அதற்கு ஓர் உதாரணம்: 1980இல் பச்சன் சிங் வழக்கைத் தீர்த்த ஐந்து நீதிபதிகள், மரண தண்டனை விதிக்குமுன் குற்றத்தை மட்டுமன்றிக் குற்றவாளியையும் பார்க்க வேண்டும் என்று நிர்ணயித்தார்கள். 1995 டிசம்பரில் ராவ்ஜி என்ற ராஜஸ்தான்காரருடைய வழக்கில் இரண்டே நீதிபதிகள் கொண்ட அமர்வு, குற்றத்தின் தன்மையைத்தான் பார்க்க வேண்டும், குற்றவாளியை அன்று என்று அதற்கு நேர் எதிராகச் சொல்லிவிட்டது. அந்த வரியைப் பின்னால் வந்த தீர்ப்புகள் பல வாய்பாடு போல் ஒப்பித்தன. 2009 மே மாதத்தில், பரியார் என்பவருடைய வழக்கில், நீதிபதி எஸ்.பி. சின்ஹா அடங்கிய அமர்வு, ராவ்ஜி தீர்ப்பு பெரிய அமர்வின் பிரமாணத்தைக் கவனியாமல் எழுதப்பட்டது என்றும், அதைப் பின்பற்றிய தீர்ப்புகளும் அவ்வாறே பிழைபட்டவை என்றும் வெளிப்படையாகக் கூறிற்று. இவ்வளவு தீரத்தோடு தன் குற்றத்தைத் தானே சொல்லிக்கொண்ட நீதிமன்றம், அந்தத் தீர்ப்புகளால் சிறையில் கிடந்தவர்களைப் பெயர் சொல்லி அழைத்துத் தண்டனையைத் திருத்தியதா என்றால், இல்லை. ராவ்ஜி 1996இலேயே தூக்கிலிடப்பட்டிருந்தார், 1997இல் இன்னொருவர். எஞ்சியிருந்த 13 பேருக்காக, ஓய்வுபெற்ற நீதிபதிகள் 14 பேர் 2012இல் குடியரசுத் தலைவருக்கு எழுதிக் கெஞ்ச வேண்டியிருந்தது.

அந்தப் பதின்மூவரில் மகாராஷ்டிரத்து நாடோடிக் குலத்தவர்களும் இருந்தார்கள். பரியார் தீர்ப்புக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னால்தான், ராவ்ஜியை ஆதாரமாகக் காட்டி, அவர்கள் அறுவருக்கும் உச்ச நீதிமன்றமே மரண தண்டனையை உறுதி செய்திருந்தது. அவர்களில் மூவருக்கு ஹைகோர்ட் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் மாற்றித் தூக்காக உயர்த்தியிருந்தது. இரண்டு வாரம் தாமதித்திருந்தால்! 2019 மார்ச்சில், அவர்கள் குற்றமே செய்யவில்லை என்று அதே நீதிமன்றம் விடுதலை செய்து, தலைக்கு ஐந்து லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. பதினாறு ஆண்டு கழிந்திருந்தது.

அவர்கள் மறுபடி நீதிமன்றத்துக்குள் நுழைய வழி திறந்தது 2014 செப்டம்பரில் வந்த முகமது ஆரிஃப் தீர்ப்பு. மரண தண்டனையின் மறுசீராய்வை நீதிபதிகள் தம் அறைக்குள் காகிதம் புரட்டி முடித்துவிடக் கூடாது, திறந்த நீதிமன்றத்தில் வாதம் கேட்க வேண்டும் என்றது அது. அவ்வாறு கேட்கப்படாமல் மறுக்கப்பட்டவர்களும் மீண்டும் வரலாம் என்றது. தன் தவறு தொட்டவர்களை எல்லாம் திரும்ப அழைத்த அரிய சந்தர்ப்பம். அதிலும் ஒரு விசித்திரம்: இறுதி நிவாரண மனுவும் தள்ளுபடியானவர்களுக்கு இந்த வழி இல்லை என்று விலக்கு வைத்தார்கள், அந்த விலக்கில் அகப்பட்டவர், எவர் பெயரால் தீர்ப்பு வழங்குகிறதோ அந்த ஆரிஃபே. ஊருக்கெல்லாம் கதவு திறந்தவன் வாசலில் நின்றான். 2016இல்தான் அவருக்கும் அனுமதி கிடைத்தது. முடிவில் அவர் மனு தோற்றது என்பது வேறு விஷயம்.

அந்தக் கதவின் வழியே தமிழ்நாட்டிலிருந்து போனது தர்மபுரிப் பேருந்து எரிப்பு வழக்கு. 2000 பிப்ரவரி 2ஆம் நாள், கட்சித் தலைவிக்கு எதிரான ஒரு தீர்ப்பைக் கேட்டுக் கொதித்தெழுந்த கூட்டம் கல்லூரிப் பேருந்துக்கு வைத்த தீயில், கோவை வேளாண் பல்கலைக்கழக மாணவிகள் மூவர் கருகினார்கள். மூவருக்கு விதித்த மரண தண்டனையை 2010இல் உறுதி செய்த உச்ச நீதிமன்றம், 2016 மார்ச்சில், கும்பல் வெறியில் நிகழ்ந்ததேயன்றி முன்கூட்டித் திட்டமிட்ட கொலை அன்று என்று கண்டு, ஆயுளாகக் குறைத்தது. 2018 நவம்பரில் அவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோருக்கு இது எப்படி இருந்திருக்கும் என்பதை நினையாமல் தண்டனைக் குறைப்பைப் பற்றி எழுதுவது ஹிருதயமற்ற காரியம். மரண தண்டனையை ஆயுளாக்கியது சரி என்றே கருதுகிறேன்; ஆனால் ஆயுள் என்று சொன்னதை மூன்றே ஆண்டுக்குள் ஆட்சியாளர்கள் முடித்துவைத்ததை அந்தத் திருத்தத்தின் பகுதியாக எண்ண என்னால் முடியவில்லை. நீதிமன்றம் திருத்தியது ஒரு பிழையை; அரசாங்கம் காட்டியது ஒரு சலுகையை. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் தண்டனைக் குறைப்பு என்றாலே ஜனங்கள் முகம் சுளிக்கிறார்கள்.

சலுகை வேண்டாம், நீதிமன்றம் குறைத்ததாவது ஒழுங்காகப் போய்ச் சேருகிறதா என்று பார்த்தால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. மத்தியப் பிரதேசத்தில் ஆயுள் தண்டனை பெற்ற ஒருவருக்கு, 2017இல் ஹைகோர்ட் அதை ஏழு ஆண்டாகக் குறைத்தது. அவர் சிறையை விட்டு வெளியேறியதோ 2025இல். ஜாமீனில் இருந்த காலத்தைக் கழித்தாலும், குறைக்கப்பட்ட தண்டனைக்கு மேல் நான்கரை ஆண்டுக்கு அதிகமாகவே அவர் உள்ளே இருந்திருக்கிறார். உத்தரவு காகிதத்தில் இருந்தது. மனிதன் கொட்டடியில் இருந்தான். இரண்டையும் சேர்த்துவைக்க ஆள் இல்லை. 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் 25 லட்சம் ரூபாய் நஷ்ட ஈடு கொடுக்கச் சொன்னதோடு, அந்த மாநிலச் சிறைகளில் இப்படி வேறு யாரேனும் இருக்கிறார்களா என்று சட்டப்பணி ஆணைக்குழுவைத் தேடிப் பார்க்கவும் பணித்தது. பணத்தைவிட இந்த இரண்டாவது கட்டளையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வியாசர்பாடியில் இந்த விவகாரம் மரண தண்டனையின் உருவத்தில் வருவது அபூர்வம். குண்டாஸ் உருவத்தில்தான் வரும். 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆவது சட்டத்தின் கீழ், விசாரணையும் தீர்ப்பும் இல்லாமலே ஒருவனைப் பன்னிரண்டு மாதம் வரையில் அடைத்து வைக்கலாம். தண்டனை அன்று, தடுப்புக் காவல்தான் என்று சட்டம் சாதிக்கும். உள்ளே இருப்பவனுக்கும் அவன் வீட்டாருக்கும் அந்த நுட்பம் விளங்குவதில்லை. ஆட்கொணர்வு மனு ஹைகோர்ட்டில் விசாரணைக்கு வந்து, கைதிக்குக் கொடுத்த ஆவணக் கட்டில் பக்கங்கள் படிக்க இயலாமல் இருந்தன என்றோ, முறையீட்டைப் பரிசீலிக்கத் தாமதித்தார்கள் என்றோ, தமிழ் மொழிபெயர்ப்புத் தரவில்லை என்றோ காவலாணை ரத்தாவதற்குள், பெரும்பாலும் மாதங்கள் கரைந்துவிடுகின்றன. ஒரே நிகழ்ச்சிக்காக நான்கு பையன்களை அடைத்து, நான்கு கட்டுகளையும் ஒரே இயந்திரத்தில் மங்கலாக நகலெடுத்துக் கொடுத்திருந்தாலும், ரத்தாவது மனுச் செய்தவனுடைய ஆணைதான். மற்றவர்கள் தனித்தனியே வக்கீல் பிடித்து, அதே மங்கல் பக்கத்தைத் தனித்தனியே காட்ட வேண்டும். காசு புரட்ட முடியாதவன் பன்னிரண்டு மாதத்தையும் கழித்துவிட்டு வருகிறான். பிற்பாடு அதே வழக்கில் அவனுக்குத் தண்டனை கிடைத்தால், விசாரணைக் காலத்துச் சிறைவாசத்தைக் கழித்துக்கொள்ள இடம் தந்த 428ஆம் பிரிவு, தடுப்புக் காவலில் போன மாதங்களுக்குப் பொதுவாகப் பொருந்தாது என்று 1977லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆயின், பிழையின் பலனைப் பிறருக்கும் நீட்ட நம் நீதிமன்றங்களுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 2022 மே மாதம் பேரறிவாளனுக்கு அளித்த நியாயத்தை, ஆறே மாதத்தில் எஞ்சிய ஆறு பேருக்கும் நீட்டினார்கள். அந்த வழக்குக்கு ஊர் அறிந்த பெயர் இருந்தது, வழக்கறிஞர்கள் இருந்தார்கள், சட்டமன்றத் தீர்மானமும் ஓயாத ஒரு தாயும் இருந்தார்கள். பெயரற்ற வழக்கிலும் அது நடக்கக்கூடியதே என்பதற்கு 2023இல் குஜராத் வழக்கொன்று சாட்சி: உடன் தண்டிக்கப்பட்டவர்கள் அதே சாட்சியத்தின்மேல் விடுதலையானபோது, தங்கள் முன் வராத, முன்னரே மனுத் தள்ளுபடியாகி ஓய்ந்துபோயிருந்த ஒருவரையும் நீதிபதி அபய் ஓகா அடங்கிய அமர்வு தானாகவே நினைவுகூர்ந்து, தன் பழைய உத்தரவைத் திரும்பப் பெற்று விடுவித்தது.

வழக்குகளுக்கு ஒரு முடிவு வேண்டாமா, தீர்ந்த தீர்ப்பையெல்லாம் கிளறினால் நீதிமன்றம் என்னாவது என்று கேட்பவர்கள் அற்பர்கள் அல்லர்; முடிவற்ற வழக்கு பாதிக்கப்பட்டவனுக்கும் ஒரு தண்டனைதான். ஆனால் முடிவின் மாட்சிமையை மனுச் செய்தவனுக்காக ஒரு முறை கலைத்த பிறகு, செய்யாதவனுக்கு மட்டும் அதைச் சாஸ்திரமாக ஓதுவது எந்த நியாயம்? தவிரவும், இது கட்டுக்கடங்காத வேலையும் அன்று. 2025 பிப்ரவரியில், முன்விடுதலைக் கொள்கை உள்ள மாநிலங்கள் கைதி விண்ணப்பிக்கட்டும் என்று காத்திராமல் தகுதியுள்ள அனைவரையும் தாமே பரிசீலிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் விதித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில், நீதிபதிகள் நாகரத்னாவும் விஸ்வநாதனும், குறித்த காலத் தண்டனையை முடித்தவர்கள் எவரேனும் இன்னும் சிறையில் இருக்கிறார்களா என்று நாடு முழுதும் பார்க்கச் சொன்னார்கள். நாள் முடிந்தவனைத் தேடலாம் என்றால், நாளே தவறாகக் குறிக்கப்பட்டவனையும் தேடலாம்.

ஆகவே நம் ஹைகோர்ட்டிடம் விண்ணப்பித்துக்கொள்வது இதுதான். ஒருவனுடைய தண்டனையைக் குறைத்தோ காவலாணையை ரத்து செய்தோ எழுதும் உத்தரவின் கடைசிப் பத்தியில், அதே வழக்கில் தண்டிக்கப்பட்டு மேல்முறையீடு செய்யாதவர்களின் பெயர்களைப் பதிவாளர் திரட்ட வேண்டும், சிறைக் கண்காணிப்பாளர் அவர்களை நேரில் விசாரிக்க வேண்டும், மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அவர்களுக்காக மனுத் தாக்கல் செய்ய வேண்டும் என்று இரண்டு வாக்கியங்கள் சேர்க்கட்டும். 1982இல் தூக்குமேடைக்கு மட்டும் என்று வகுத்த கடமையைக் கொட்டடி வரையில் கொண்டுவருவதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

அதுவரையில், இதைப் படிக்கிறவர்களின் தெருவில், கூடப் போனவனுக்குக் குறைந்தும் தன் பிள்ளைக்குக் குறையாத தாய் ஒருத்தி இருந்தால், அவளிடம் ஒரு விஷயத்தைச் சொல்லுங்கள்: 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, காவலில் இருக்கும் எவருக்கும், அவர் வருமானம் என்னவானாலும், அரசுச் செலவில் வக்கீல் உண்டு, மேல்முறையீட்டுக் கெடு கடந்துவிட்டாலும், தாமதத்தை மன்னிக்கும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. மாநில ஆணைக்குழுவின் அலுவலகம் ஹைகோர்ட் வளாகத்தில்தான் இருக்கிறது; சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.